பூஜையில் வைத்த மெயில் சர்வர்

அன்று கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். நைட்டி மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி, கணக்கு வழக்கு பார்க்கும் அவர் மனைவி, பூசணிக்காய் உடைக்கக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற லோடுமேன் அண்ணன், அப்புறம் நான். தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்து. ஆயுத பூஜை நாள்.

பூஜை மேஜையில் தையல் மிஷின், பில் அடிக்கும் மிஷின், கத்தரிக்கோல், தராசு. இவர்களுக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி மாலை போட்டுக்கொண்டு நான் அமைத்துக் கொடுத்த மெயில் சர்வர். காற்றுப் போவதற்கான ஓட்டைகளில் பாதியைச் சந்தனம் அடைத்திருந்தது. அதன் பவர் விளக்கு எரியவில்லை.

"அக்கா, இது ஏன் ஆஃப்ல கெடக்கு?"

"பூஜையில வச்ச சாமானை ஓடவிடுவாங்களா? வருசம் பூரா ஒழைக்குதுல்ல, ஒருநாள் லீவு எடுத்துக்கட்டும்" என்றார் முதலாளியின் மனைவி.

அந்த லீவு எனக்குக் கட்டுப்படியாகாது. காரணம் இருக்கிறது.

அவனியாபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டவன். மிச்சத்தையெல்லாம் போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "மெயில் வச்சிக்கிறதுக்கு ஆளுக்கு இம்புட்டுன்னு மாசாமாசம் வாடகை அழுகுறேன் தம்பி. சொந்தமா ஒண்ணு போட்டுரு" என்றார். பேசிய தொகை பன்னிரண்டாயிரம். முன்பணம் நாலாயிரம். மீதி எட்டாயிரம், முதலாளியிடம் சரக்கு எடுக்கும் மலேசியாக்காரரின் ஆர்டர் சொந்த மெயிலில் வந்து விழுந்த பிறகு. விழாவிட்டால் முன்பணத்தையும் நான் திருப்பித் தர வேண்டும். அந்த நாலாயிரத்தில் வீட்டு மோட்டாருக்குக் காயில் கட்டியாகிவிட்டது.

ஒரு பழைய கம்ப்யூட்டரில் கண்டெய்னர் முறையில் சர்வரை அமைத்தேன். கண்டெய்னர் என்றால் என்ன என்று முதலாளிக்கும் அக்காவுக்கும் விளக்கியாக வேண்டும். டிபன் கேரியர் என்று சொன்னேன். கடிதம் வாங்க ஒரு அடுக்கு, சேர்த்து வைக்க ஒரு அடுக்கு, குப்பைக் கடிதத்தை மோப்பம் பிடிக்க ஒரு அடுக்கு.

"ரசம் ஊசிப்போனா ரசத்தை மட்டும் கொட்டலாம், சோறு தப்பிச்சிரும். அதானே?" என்றார் அக்கா. நான் மூன்று வாரம் வீடியோ பார்த்துப் புரிந்துகொண்டது அதுதான்.

அமைத்ததோடு தீரவில்லை. இங்கிருந்து போன கடிதம் எல்லாம் குப்பையில் போய் விழுந்தது. இன்டர்நெட் கம்பெனி கொடுத்த நிரந்தர ஐ.பி. முகவரியில் எங்களுக்கு முன்னால் எவனோ ஆண்மை மாத்திரை விற்றிருக்கிறான். பேய் பங்களாவுக்கு வாடகைக்கு வந்தவன் கதைதான். நாங்கள் நல்ல குடும்பம், நைட்டி மட்டும்தான் விற்கிறோம் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் விண்ணப்பம் போட்டு அந்தப் பேரைத் துடைத்தேன்.

இத்தனையும் செய்த பிறகு, தீபாவளிக்கான கடைசி ஆர்டரை மெயிலில் அனுப்புவதாக மலேசியாக்காரர் சொன்ன நாளில் சர்வர் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, அஞ்சு நிமிசம் ஆன் பண்ணிக்கிறேன். சாமி கோவிச்சுக்காது."

"சரஸ்வதி முன்னாடி வச்சாச்சு. நாளைக்குக் காலையில நல்ல நேரத்துலதான் எடுக்கணும்" என்றார் முதலாளி.

"அப்ப அவருக்குப் போன் போட்டு, வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்கண்ணே."

"நாமளா போன் போட்டா ஆர்டருக்குப் பறக்குறோம்னு பீசுக்குப் பத்து ரூவா கொறைப்பான். நீதானப்பா சொன்ன, நம்ம சர்வர் மூடியிருந்தாலும் அந்தப் பக்கத்து சர்வர் விடாம வந்து கதவைத் தட்டும்னு?"

சொன்னது நான்தான். விலை பேசும்போது அளந்துவிட்டேன். எங்கோ படித்தது, கண்ணால் பார்த்ததில்லை.

"மாப்ள, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? பூசணிக்காயை ஒடைக்கவா, ஒன்னையச் சுத்திப் போடவா?" என்றார் லோடுமேன் அண்ணன். கையில் ஒரு பை பொரியைத் திணித்து அனுப்பிவிட்டார்கள். அன்று முழுக்க அந்தப் பொரியைத்தான் தின்றேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்துக்கு வெகு முன்பே போய் நின்றேன். அக்கா கற்பூரம் காட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. மெயில் வரவில்லை. கரண்ட் வந்தால் கண்டெய்னர்கள் தாமாக எழுந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும், நான் எழுதவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எழுப்புவது மாதிரி ஒவ்வொன்றாக எழுப்பினேன். ஊதுபத்திச் சாம்பலைத் தும்மிக்கொண்டே காற்றாடி சுற்றியது.

காபி வந்தது. காபி ஆறியது. "கதவைத் தட்டும்னானே, ஆளைக் காணோமே" என்றார் முதலாளி. நாலாயிரத்தை யாரிடம் கைமாற்றுக் கேட்பது என்று நான் யோசிக்கத் தொடங்கியிருந்தபோது, மெயில் வந்து விழும் மணிச் சத்தம் கேட்டது. ஆர்டர். அறுநூறு நைட்டி. கடன் கேட்க நினைத்திருந்தவர்களை மனதிலிருந்து அழித்தேன். சற்று நேரத்தில் இன்னொரு மணி. அறுநூறு. பின்னாலேயே மூன்றாவது. அதுவும் அறுநூறு.

"ஏய், ஆயிரத்து எண்ணூறு!" முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதே கையால் துணிக்காரருக்குப் போனைப் போட்டார். "மொத வியாபாரம், எடுத்து வைங்க, ஆயிரத்து எண்ணூறு பீசுக்கு."

எனக்குச் சந்தேகம் தட்டியது. திறந்து பார்த்தேன். மூன்றிலும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே விலை. மூன்றாவதில் மட்டும் மேலே ஒரு வரி: போன மெயில் சேரவில்லை, மறுபடி முயல்கிறோம் என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறதாம், அதனால் திரும்பவும் அனுப்புகிறாராம்.

"அண்ணே... இது மூணும் ஒரே ஆர்டர்தான். சர்வர் மூடியிருக்கவும் மனுசன் பயந்து மூணு வாட்டி அனுப்பியிருக்காரு. மூணும் வெளியவே காத்துக் கெடந்திருக்கு."

அக்கா புருஷனிடம் தங்கள் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல் புரியவில்லை; ஆனால் அந்தத் தொனியை என் வீட்டிலும் கேட்டிருக்கிறேன்.

"துணியைக் கேன்சல் பண்ணிருங்கண்ணே."

"விஜயதசமி மொத வாக்கு. அதைத் திருப்புனா வருசம் பூரா யாவாரம் திரும்பிப் போகும்" என்றார் முதலாளி. கல்லாவைத் திறந்து மூவாயிரத்தை எண்ணி வைத்தார். "ஆர்டர் விழுந்துச்சு, ஒத்துக்கிறேன். மிச்சம் அஞ்சாயிரம், அந்தக் கூடுதல் ஆயிரத்து இருநூறு நைட்டி வித்து முடிஞ்சதும்."

"மாப்ள, இனிமே நீயும் நைட்டி வியாபாரிதான்" என்றார் லோடுமேன் அண்ணன்.

இப்போதெல்லாம் சர்வருக்கு அப்டேட் போடப் போகும்போது மெயிலை விட குடோனைத்தான் முதலில் எட்டிப் பார்க்கிறேன். கட்டுகள் குறைந்த மாதிரி தெரியவில்லை. கவலை தாங்காமல் போன மாதம் அம்மாவுக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று என்று நானே இரண்டு வாங்கினேன். மொத்த விலைதான், இருநூற்று இருபது வீதம், பாக்கியில் கழித்துக்கொண்டார்கள். அதுபோக எனக்கு வர வேண்டியது நாலாயிரத்து ஐந்நூற்று அறுபது ரூபாய்.