சந்தனப் பொட்டு வைத்த பொறி

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல மட்டும் ஒருநாளும் பொறுமை இருந்ததில்லை.

சிங்கப்பூரில் செய்த ஒரு சிப்பை, ஜேர்மனியில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குக் கையோடு கொண்டுபோகிற வழியில் இறுப்பிட்டியில் அம்மாவின் வீட்டில் நான்கு நாள் தங்கினேன். நகமளவு சிப். அதன் மேல் தலைமயிரிலும் மெல்லிய தங்கக் கோடுகள். மின்சாரம் கொடுத்தால் அந்தக் கோடுகளுக்கு மேலே ஓர் அயனி, அதாவது மின்னேற்றம் பெற்ற ஒற்றை அணு, எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அயனிப் பொறி என்று பெயர். இப்படி அணுக்களைப் பிடித்து வைத்துத்தான் குவாண்டம் கணினி செய்யப் பார்க்கிறோம். செய்தவற்றில் சோதனையில் தேறியது இது ஒன்றுதான். இன்னொன்று வருவதற்குள் என் வேலை ஒப்பந்தம் முடிந்துவிடும்.

"பொறி எண்டால் என்னத்தைப் பிடிக்கிறது?" என்று அம்மா கேட்டார்.

"ஒரு அணுவை."

"ஒண்டைப் பிடிக்கவோ இவ்வளவு படிப்பு?"

இருவரும் சிரித்தோம். சிப்பை இரண்டு உறைகளுக்குள் வைத்து மூடிய பெட்டியை அலுமாரிக்குள் வைக்கும்போது, "இது சரிவந்தால்தான் அம்மா எனக்கு அங்க வேலை நிலைக்கும். சுத்தமில்லாத கை படவே கூடாது" என்றேன்.

"ஓம் பிள்ளை, அது எனக்குத் தெரியாதோ?" என்றார்.

மூன்றாம் நாள் யாழ்ப்பாணம் போய்விட்டு மத்தியானம் வந்தேன். பெட்டி சாமியறையில் விளக்குக்கு முன்னால் திறந்தபடி இருந்தது. உறைகள் இரண்டையும் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார். சிப்பின் நட்டநடுவில் சந்தனப் பொட்டு, அதன் மேல் துளிக் குங்குமம்.

ஒரு தூசி விழுந்தாலே அயனி நிலைகொள்ளாது.

"ஆர் உங்களைத் திறக்கச் சொன்னது?" என்று கத்தினேன். பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும்.

"பெட்டிக்கோ பொட்டு வைக்கிறது? சாமானுக்கெல்லோ வைக்கவேணும். உன்ர சைக்கிளுக்கும் அப்பிடித்தானே வைச்சனான்." என் முகத்தைப் பார்த்ததும் அம்மாவின் குரல் இறங்கியது. "முழுகிப்போட்டுத்தான் தொட்டனான் பிள்ளை. தோய்ச்ச சீலைதான் உடுத்தினனான். துடக்கு தீட்டு ஒண்டும் படேல்லை."

நான் சொன்ன சுத்தம் ஒன்று, அவர் கேட்ட சுத்தம் வேறொன்று. இதற்கு மேல் யாரைத் திட்டுவது? சீலைத் தலைப்பால் துடைக்க வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கழுவ ஏலாதோ?"

"ஏலாது அம்மா."

ஆய்வுகூடத்துக்கு அறிவிக்கக் கைபேசியை எடுத்தேன். 'மாசு பட்டுவிட்டது' என்று எழுதவேண்டும். குறிகட்டுவான் துறையில் படகேறி நயினாதீவுக் கோயிலுக்குப் போய், அம்மா எனக்காக நேர்ந்து கொண்டுவந்த சந்தனம் அது. அதை மாசு என்று எழுத மனம் வரவில்லை. வேறு சொல்லும் கிடைக்கவில்லை. கடைசியில் அதைத்தான் எழுதினேன். அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிச்ச நேரம் முழுக்க நாங்கள் சாப்பாட்டைப் பற்றித்தான் கதைத்தோம்.

அடுத்த நாள் புறப்படும்போது, வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தார். நான் குனிந்து நெற்றியைக் கொடுத்தேன். விரல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். சந்தனம் தொட்ட விரலைப் பாதி வழியில் நிறுத்தி வைத்திருந்தார்.

"உன்னைத் தொடலாமோ பிள்ளை?" என்று கேட்டார்.