தாடைக்குக் கீழே வெள்ளைத் துணுக்கு

பல் பிடுங்கப் போன இடத்தில் கழுத்தைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். பம்மலில் ரோலிங் ஷட்டர் செய்யும் பட்டறை வைத்திருந்தேன். கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகித் தூங்கவிடவில்லை. குரோம்பேட்டையில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். சின்ன வயது. வாய் முழுவதையும் ஒரே படமாக எடுத்துவரச் சொல்லித் தாம்பரத்துக்கு அனுப்பினார். அங்கே தாடையை ஒரு தட்டில் வைத்து, ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றேன். மிஷின் தலையைச் சுற்றி வந்தது.

டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். சொத்தைப் பல்லைப் பார்த்தவர் அதோடு நிறுத்தவில்லை. தாடைக்குக் கீழே, கழுத்தெலும்பை ஒட்டிய ஓரத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார். அங்கே நொய் சிதறினாற்போல் வெள்ளையாகச் சில துணுக்குகள்.

"சார், உங்களுக்கு ஷுகர் இருக்கா?"

"இருக்கு. அதுக்கும் பல்லுக்கும் இன்னா?"

"சிகரெட்?"

"பீடி."

அவர் முகம் மாறியது. "இது பல்லு விஷயம் இல்ல சார். மூளைக்கு ரத்தம் போற குழாய்ல கால்சியம் படிஞ்சா இந்த இடத்துலதான் தெரியும். வேற ஏதாவதாவும் இருக்கலாம். இந்தப் படத்தை வெச்சு உறுதியா சொல்ல முடியாது. கழுத்துக்கு ஒரு டாப்ளர் ஸ்கேன் பாத்துடுங்க. பல்லை அப்புறம் எடுக்கலாம்."

"நீ பல்லு டாக்டரா, கழுத்து டாக்டராம்மா?" என்று எழுந்துவிட்டேன். ஸ்கேன்காரனோடு கமிஷன் பேசிவைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அது உடைஞ்சு மேல போனா ஸ்ட்ரோக் வரும் சார். விளையாடாதீங்க" என்றார், நான் செருப்பு மாட்டும்போது.

பஸ்ஸில் ஸ்ட்ரோக் என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது. என் அப்பா அப்படித்தான் விழுந்தார். பல் விளக்கிக்கொண்டிருந்தவர் குழாயடியில் சரிந்தார். அதன்பிறகு சாகும்வரை அவர் வாயின் ஒரு ஓரத்தில் கஞ்சி வழிந்துகொண்டே இருந்தது. துடைத்தவன் நான்.

மனைவியிடம் சொல்லவில்லை. அவள் அழுதால் எனக்கு இன்னும் பயம் வரும். ரோட்டைக் கடக்கும்போது தலையைத் திருப்பப் பயந்து உடம்போடு திரும்பினேன். தும்மல் வந்தால் மூக்கை அழுத்தினேன். எழுந்ததும் கண்ணாடி முன் பல்லைக் காட்டி, வாய் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். பீடியை மட்டும் விடவில்லை. பயத்துக்குப் பீடி, பீடியால் பயம். மடத்தனம்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான சலூனுக்குப் போனேன். முடி வெட்டுபவனுக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவு. சவரம் முடிந்ததும் தாடையை ஒரு கையாலும் பின்மண்டையை மறு கையாலும் பிடித்து வெடுக்கென்று திருப்புவான். 'படக்' என்று கழுத்தில் சொடக்கு விழ வேண்டும். இரண்டு பக்கமும் அது விழாமல் எங்கள் ஏரியாவில் யாரும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். வேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்கலாம். ஏன் என்பான். பெஞ்சில் ஆட்கள் வேறு. சோப்பு நுரைக்குள் எனக்கு வேர்த்தது. கத்தி கழுத்தில் ஓடியபோதுகூட அவ்வளவு பயமில்லை. கத்தியை வைத்துவிட்டு அவன் விரல்கள் தாடைக்கு அடியில் வந்தன. பேனா காட்டிய அதே இடம்.

"தொடாதடா!"

"இன்னாண்ணா, பேயக் கண்ட மாரி கத்துற? எத்தினி வருசமா ஒடிச்சிகினு கீறேன், இன்னிக்கு இன்னா புதுப்பொண்ணு மாரி?"

"வூட்ல அண்ணி ஏற்கெனவே ஒடிச்சிட்டாங்க போல" என்றான் பெஞ்சிலிருந்த ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"கழுத்து நரம்புல இன்னாவோ படிஞ்சிகினு கீதாம். அது பேந்து வந்தா மூளைக்குப் பூடுமாம். எங்கப்பன் மாரி வாய் கோணிப்பூடும்டா."

சிரிப்பு நின்றது. முடி வெட்டுபவன் ஈரமே இல்லாத கைகளைத் துண்டில் துடைத்தான். "போன வாரம் நல்லா இறுக்கித் திருப்புனேனேண்ணா. உனுக்கு எதனா ஆயிருந்தா?"

"தெரியாது."

"எய்ந்திரு. மொதல்ல ஸ்கேன் பாரு. பாக்காம இந்தச் சேர்ல குந்தாத."

மறுநாளே போனேன். கழுத்தில் ஜில்லென்று பசை தடவிக் கருவியை வைத்தார்கள். மிஷினிலிருந்து 'உஷ்... உஷ்...' என்று சத்தம். உங்கள் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அடுத்தது வருமா என்று காத்துக் கிடந்தேன்.

படிவு இருந்தது, இரண்டு பக்கமும். பாதிகூட அடைக்கவில்லை, ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும், பீடியை இன்றோடு விடு, கழுத்தை எவனிடமும் கொடுக்காதே என்றார் ரிப்போர்ட்டைப் பார்த்த பெரிய டாக்டர். பல்லை அப்புறம் அதே டாக்டரம்மாதான் பிடுங்கினார். நான் பேசியதை அவர் கிளப்பவில்லை. "கழுத்துக்கு மாத்திரை போடுறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இன்றும் அதே சலூன்தான். சவரம் முடிந்ததும் பழக்கத்தில் அவன் கை என் தாடைக்கு வரும். பாதியில் நிற்கும். கண்ணாடியில் இருவரும் அந்தக் கையைப் பார்ப்போம். பிறகு அவன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "எய்ந்திருண்ணா" என்பான்.