கேட்டுக்கொண்டே கிடந்தவர்

செல்லம்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் பேயாண்டிக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மழை பெய்தால் கடலை, இல்லாவிட்டால் பருத்தி. வாய் ஓயாத மனுசன். களை எடுக்க வருகிற பெண்கள் இவர் பேச்சுக்குச் சிரித்தே வேலையை விட்டுவிடுகிறார்கள் என்று மனைவி அழகம்மாள் குறைப்பட்டுக்கொள்வாள். ஒரே மகள் ஒச்சம்மாள் அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள்.

1997 ஐப்பசி மழையில் வீட்டுக்குள் கட்டுவிரியன் வந்துவிட்டது. பாயில் படுத்திருந்த அப்பாவையும் மகளையும் தூக்கத்திலேயே கடித்துவிட்டுப் போனது. கடித்த இடத்தில் வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. வயிறு வலிக்கிறது என்று குழந்தை அழுதாள். கசாயம் வைத்துக் கொடுத்தார்கள். பேயாண்டிக்கு இமை சரிந்து நாக்குக் குழறியபோதுதான் விஷயம் புரிந்தது. அழகம்மாளின் தம்பி காசிமாயன் வேன் பிடித்து வந்தான். மதுரை போய்ச் சேருமுன்பே குழந்தை இறந்துபோனாள். பேயாண்டிக்கு அப்போது நினைவு இல்லை.

ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றி, தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். மூச்சுக் கொடுக்கும் மெஷின் எதுவும் காலியாக இல்லை. குழாய் முனையில் ஒரு ரப்பர்ப் பையை மாட்டி அழகம்மாள் கையில் கொடுத்தார் நர்ஸ்.

"நீ மூச்சு விடுறப்பல்லாம் ஒரு தடவ அமுக்கும்மா. நிறுத்திராத."

காசிமாயன் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். "அக்கா, வாரியா?"

"நான் எப்படிடா வருவேன்?" என்றாள் அழகம்மாள், பையை அமுக்கியபடியே. "நீயே கொண்டு போ."

மறுநாள் அவன் திரும்பி வந்து கட்டிலருகே நின்றான். "புதைச்சாச்சுக்கா. ஓடைக்கரைல, கருவேலமரத்துக்குக் கீழ."

"மச்சான் முழிச்சா சொல்லிராதடா. இந்த உசுராச்சும் தங்கட்டும்."

பேயாண்டி கேட்டுக்கொண்டு கிடந்தார். நினைவு எப்போதோ திரும்பியிருந்தது. விஷம் கட்டிப்போட்டிருந்தது தசைகளைத்தான். விரலை அசைக்க முடியவில்லை, இமையைத் தூக்க முடியவில்லை. கண்ணோரம் நீர் வழிந்தது. இமை சரியாக மூடாததால் வடிகிறது என்று நர்ஸ் பஞ்சால் துடைத்துவிட்டார். மருந்து ஏற்றக் கையில் ரத்தக்குழாய் கிடைக்காததால், அன்றைக்கே கணுக்காலுக்கு மேல் கீறி ஊசி செருகினார்கள். மரத்துப்போக மருந்து போடலாமா என்று யாரோ கேட்டார்கள். "இவருக்கா? ஒண்ணும் தெரியாது, விடுங்க" என்றது இன்னொரு குரல். கத்தி போன வழியெல்லாம் அவருக்குத் தெரிந்தது.

மெல்ல விரல் அசைந்தது, இமை திறந்தது. குழாயை எடுத்தார்கள். அவர் மகளைப் பற்றிக் கேட்கவில்லை. அழகம்மாளே முந்திக்கொண்டாள்.

"பாப்பா அம்மாச்சி வீட்ல இருக்கா. நல்லா இருக்கா. நீங்க கஞ்சியக் குடிங்க."

அவள் சிரிக்கப் பாடுபடுவதைப் பார்த்தார். "சரி புள்ள" என்று குடித்தார். நாள்தோறும் அவள் ஏதாவது சொல்வாள். பாப்பா இட்லி கேட்டாளாம், அப்பா எப்ப வரும் என்றாளாம். அவர் தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

மயக்கவியல் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த டாக்டர் ஹம்சவேணி, குழாய் போட்டுக் கிடக்கும் நோயாளிகளுக்கு வலிமருந்து எவ்வளவு தேவைப்படுகிறது என்று ஆய்வு செய்துகொண்டிருந்தார். பிழைத்து எழுந்தவர்களிடம் உட்கார்ந்து பேசுவார். பேயாண்டியிடமும் வந்தார்.

"அண்ணே, குழாய் இருந்தப்ப வலி, சத்தம், ஏதாவது தெரிஞ்சுதா?"

பேயாண்டி மனைவியைப் பார்த்தார். "ஒண்ணும் தெரியல டாக்டரம்மா."

"கால்ல கீறுனது?"

அவர் கை தானாகக் கணுக்காலுக்குப் போனது. "அது… தெரிஞ்சுச்சு. மருந்து வேணாம்னு சொன்னதும் கேட்டுச்சு."

அழகம்மாள் எழுந்து நின்றாள். "அப்ப காசி வந்து சொன்னது?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்புட்டும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு புள்ள."

மகள் இறந்ததிலிருந்து சத்தம்போட்டு அழாதவள், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கதறினாள். ஹம்சவேணி அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

வேறு சிலரும் இப்படிக் கேட்டுக்கொண்டே கிடந்தது பிறகு அந்த ஆய்வில் தெரியவந்தது. அந்த வார்டில் மருந்து கொடுக்காமல் கத்தி வைப்பது நின்றது. "அவருக்குக் கேக்கும், பாத்துப் பேசுங்க" என்று உறவுக்காரர்களிடம் ஹம்சவேணி சொல்லத் தொடங்கினார்.

ஊர் திரும்பியதும் காசிமாயன் இருவரையும் ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனான். மழையில் மண் இறங்கிப் புல் முளைத்திருந்தது. இடத்தைக் காட்டிவிட்டு அவன் தள்ளிப் போய் நின்றான்.

"நான் அன்னைக்கு இங்க வந்திருக்கணும்ல?" என்றாள் அழகம்மாள்.

"வந்திருந்தா நான் இருந்திருக்க மாட்டேன்."

"தெரியும். தெரிஞ்சுதான் அமுக்கிக்கிட்டு இருந்தேன். இருந்தாலும் பெத்த புள்ள மொகத்தக்கூடப் பாக்காம அனுப்பிட்டேனே…"

பேயாண்டி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். வெயில் ஏறும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.