பூவாத்தாள் வீட்டு மேல் சன்னல்

ஆட்டையாம்பட்டியில் பூவாத்தாள் என்ற பெயரில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆனாலும் "சன்னல் பூவாத்தாள்" என்று கேட்டால் எல்லாரும் ஒரே வீட்டைத்தான் காட்டுவார்கள். அந்தப் பட்டம் அவளுக்கு வந்ததில் எனக்கும் பங்குண்டு. நான் கொத்தனார் தங்கசாமி. சுவர் வைப்பதும் இடிப்பதும் என் பிழைப்பு. அதில் யாராவது மூக்கை நுழைத்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அப்படி நுழைத்தும் என்னிடம் திட்டு வாங்காமல் தப்பியவள் அவள் ஒருத்திதான். திட்ட வாயெடுப்பதற்குள் அவள் திட்டி முடித்துவிடுவாள்.

மல்லசமுத்திரம் பக்கத்திலிருந்து பதினைந்து வயதில் இங்கே வாழ வந்தவள். ஆள் குள்ளம், நடை வேகம், பேச்சு அதைவிட வேகம். புருஷன் செங்கோடன் அதற்கு நேர் எதிர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். குழித்தறியில் பட்டுக்கரை அங்கவஸ்திரம் நெய்வார். அவர் கைக்கரைக்குச் சேலத்து ஜவுளிக்கடைகளில் தனி மரியாதை இருந்தது. பூவாத்தாள் விடியலில் அடுப்பு மூட்டுவாள். அது முடிந்ததும் ராட்டை முன்னால் உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவில் அவர் போடுகிற குச்சிகளுக்கு நூல் சுற்றுவாள். இருபது வருஷமாக அந்த வீட்டில் இதுதான் நடந்தது.

நடந்ததெல்லாம் இருட்டில். நெசவாளி வீட்டில் சன்னல் கேட்டால் சிரிப்பார்கள். காற்றுப் பட்டால் கஞ்சி போட்டுத் தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூல் காய்ந்து முறுகிப் பட்டுப் பட்டென்று அறுந்துவிடும். தறிக் குழியின் ஈரம் வெளியே போகக்கூடாது. அதனால் ஒன்றரை முழக் கனத்துக்கு மண் சுவர், குனிந்து போகிற வாசல் ஒன்று, அவ்வளவுதான். உள்ளே புளித்த கஞ்சி நாற்றமும் அடுப்புப் புகையும் போக இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். நானே அப்படி எத்தனையோ வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஈசுவர வருஷம் பிறந்தபோது செங்கோடனுக்கு நாற்பத்தைந்து வயது. கண் மங்கத் தொடங்கியிருந்தது. கரையில் இழை எண்ணிக்கை தப்பியது. சேலத்தில் மூக்குக்கண்ணாடி வாங்கிப் போட்டுப் பார்த்தார். இருட்டில் கண்ணாடி என்ன செய்யும்? அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்தால் பட்டில் கரி படிந்தது. இரண்டு உருப்படிகள் திரும்பி வந்துவிட்டன. கடை முதலாளி நல்ல மனுஷர். கோபப்படவில்லை. "இந்த ஒரு பாவு நெய்து பாருங்க. இதுலயும் கரை தப்புச்சுன்னா, இனித் துண்டு நெய்ங்க. கண்ணுக்கும் சுகம்" என்று சொல்லி அனுப்பினார். கோபப்பட்டிருந்தால்கூடச் செங்கோடனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. பாவைத் தறியில் ஏற்றி வைத்துவிட்டு இரண்டு நாள் அதைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பூவாத்தாள் தம்பி ராசப்பனைப் பார்க்கச் சூரமங்கலம் போனாள். அவனுக்கு ரயிலில் வேலை, குடியிருக்க லைன் வீடு. சாப்பிட்டுத் தரையில் படுத்தவள் மேலே பார்த்திருக்கிறாள். சுவர் உச்சியில், கூரைக்குக் கீழே, சின்னதாக ஒரு சன்னல். கயிற்றை இழுத்தால் திறந்தது, விட்டால் மூடியது. வெளிச்சம் அங்கிருந்து தரை வரைக்கும் இறங்கியது. அன்று சாயங்காலமே வண்டியேறி ஊர் திரும்பி, நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஏனுங்க கொத்தனாரே, என்ற ஊட்டுக்கு ஒரு சன்னல் வெக்கோணும். மாமன் திருச்செங்கோடு போயிருக்கறாரு, நாளன்னைக்கு வருவாரு. அதுக்குள்ள முடிச்சுப்போடோணும்."

"தறி ஊட்டுக்குச் சன்னலா? செங்கோடண்ணன் என்னைய உட்டுவெப்பாருங்களா அக்கா?"

"அவரு என்ன பேசவா போறாரு? மேல வெய்யுங்க, மோட்டுக்குக் கிட்ட."

இங்கேதான் நான் தவறு செய்தேன். மேலே சன்னல் வைத்தால் யார் எட்டிப் பார்ப்பது? இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, எப்போதும் வைக்கிற மார் உயரத்தில், மேற்குச் சுவரில் லட்சணமாக ஒன்று வைத்தேன். வெளிச்சம் கொட்டியதைப் பார்த்ததும் அவளும் உயரத்தை மறந்துவிட்டாள்.

ஊர் திரும்பிய செங்கோடன் வாசலில் நின்று பார்த்தார். "காத்து வருமே" என்றார். அவ்வளவுதான். ஆனால் மறுநாள் தறியில் உட்கார்ந்தவர் பொழுது சாயும் வரை எழுந்திருக்கவில்லை. கரை ஓர் இழைகூடத் தப்பவில்லை. நாலு நாள் அந்த வீட்டில் திருவிழாதான். பூவாத்தாள் எனக்குப் பணியாரம் கொடுத்தனுப்பினாள். நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஆடிக் காற்று இறங்கியது. எங்கள் பக்கத்தில் அது மேற்கேயிருந்து ஆளைத் தள்ளுகிற மாதிரி வரும். சன்னல் வழியாகப் புகுந்து பாவின்மேல் படுத்துக்கொண்டது. ஒரு காலைப் பொழுதில் ஐம்பது இழை அறுந்தது. செங்கோடன் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டார். போடப் போடப் பக்கத்து இழை அறுந்தது. மத்தியானம் எழுந்து சன்னலில் சாக்கைத் திணித்தார். வீடு மறுபடி இருண்டது. பாவில் பாதிக்குமேல் இன்னும் நெய்ய வேண்டியிருந்தது. "துண்டே நெய்யறேன், உடு புள்ள" என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அவள் வந்து திட்டுவாள் என்று காத்திருந்தேன். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் ஆள் விட்டு அழைத்தாள். போனால், ஒரு மூங்கிலைக் கூடத்தில் நட்டு, அதில் கீழிருந்து உச்சி வரை சாணுக்கு ஒன்றாக வெட்டு நூல்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். சாக்கை உருவினாள். கீழே இருந்த நூல்களெல்லாம் பேய் பிடித்த மாதிரி ஆடின. உச்சியில் கட்டியது இலேசாக அசைந்தது, அவ்வளவுதான்.

"பாத்தீங்களா? காத்து உங்க சன்னலுக்கு நேரா வந்து பாவு மேல உழுகுது. மேல வெய்யுங்கன்னு நான் சொன்னனா இல்லீங்களா?"

"சொன்னீங்க."

"பொறவு?"

சுவர் கட்டத் தெரிந்த எனக்கு, அந்தச் சுவருக்குள் காற்று எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கத் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை.

அன்றே மேற்குச் சன்னலை அடைத்தேன். வடக்குச் சுவரில், தாழ்வாரத்து ஓட்டுக்குக் கீழே, முழ அகலமும் சாண் உயரமுமாக இரண்டு திறப்பு வைத்தேன். வடக்கில் வெயில் நேரே விழாது, ஆடிக் காற்றும் முட்டாது. திறப்புகளின் உள்பக்கத்து அடிவிளிம்பைக் கீழ்நோக்கிச் சரிவாகச் சீவச் சொன்னாள். வெளிச்சம் வழிந்து தறிக்கு வரவேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகைக் கதவு, இழுக்கக் கயிறு. எதிர்ச் சுவருக்கு அவளே இரண்டு கை சுண்ணாம்பு அடித்தாள். அடித்ததும் கூடம் இன்னொரு மடங்கு வெளுத்தது. ஈரம் குறையாமலிருக்கத் தறிக் குழியில் ஈர மணல் பரப்பினோம். புளித்த நாற்றம் மேலேறி வெளியே போயிற்று. பாவு அசையவில்லை. செங்கோடன் இழைமேல் கையை வைத்துப் பார்த்தார். குனிந்து கரையைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அந்தப் பாவு ஆவணியில் முடிந்தது. கடை முதலாளி ஒவ்வோர் உருப்படியையும் விரித்துப் பார்த்தாராம். துண்டு என்ற பேச்சை எடுக்காமல், முன்னைவிட அகலக் கரைக்கு அடுத்த பாவைக் கொடுத்தனுப்பினார். அதற்குமேல் கேட்பானேன்? தறி வைத்திருந்தவர்களெல்லாம் வந்து பார்த்தார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு எனக்கு இதே வேலை. எந்த வீட்டில் சுவரைத் தட்டினாலும் பூவாத்தாள் வந்து நின்று, "இன்னும் ஒரு சாண் மேல" என்பாள். பதிலே பேசாமல் மேலே வைப்பேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

சன்னல் வைத்த அந்த வருஷமே ஐப்பசியில் ராசப்பன் மகளுக்குக் காது குத்து. பூவாத்தாள் மூன்று நாள் சூரமங்கலம் போயிருந்தாள். அவள் போன அன்றே செங்கோடன் என்னிடம் வந்து கடப்பாரை கேட்டார். எதற்கென்று கேட்டேன். "வேணுமுங்க" என்றார். நான் வரட்டுமா என்றேன். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"கொத்தனாரே! இது உங்க வேலையா? பாவிங்களா, ஊட்ட இப்பிடி இடிச்சுப்போட்டீங்களே!"

ஓடினேன். அடுப்படிச் சுவரில், அடுப்புக்கு நேர் மேலே ஒரு ஓட்டை. ஒரு பக்கம் சாண், மறு பக்கம் ஒன்றரைச் சாண். விளிம்பெல்லாம் பிய்ந்து, பார்க்கச் சகிக்காத கோணல். என் தொழிலுக்கே அவமானம். அதன் கீழே செங்கோடன் நின்றிருந்தார். நூலைத் தவிர வேறெதையும் அழுத்திப் பிடித்தறியாத அவர் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். இரண்டு நாளாகத் தறியிலேயே உட்காரவில்லையாம்.

"நான் இல்லீங்க அக்கா" என்றேன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். "நீங்களா? எதுக்குங்க மாமா?"

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "கூடத்துல வெளிச்சம் வந்த பொறவுதான் பாத்தன் புள்ள. நீ அடுப்படியிலிருந்து கண்ணத் தொடச்சுக்கிட்டே வந்து ராட்டையில உக்காருற. தெனமும். இருவது வருசமா எனக்குத் தெரியவே இல்ல."

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. புகை நேராக எழுந்து, அந்தக் கோணல் ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பூவாத்தாள் வாயைத் திறந்தாள், மூடினாள். அவளுக்குப் பேச்சு வராததை ஊரில் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

கடைசியில், "பூனை வருமே" என்றாள்.

"கம்பி வெச்சுக்கலாங்க" என்று நான் இடுப்பில் செருகியிருந்த கொத்துக் கரண்டியை எடுத்தேன். "அப்பிடியே ஓரத்தையும் நேராச் சீவிப்போடறேன்."

"கம்பி மட்டும் வெய்யுங்க. அந்த ஓரத்தத் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சுப்போடுவேன்" என்றாள் பூவாத்தாள்.