லொரைன் மாட்டிய சாத்தாத கேட்

நார்மன் வீட்டை விட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம். பைஜாமா, வீட்டுச் செருப்பு, கக்கத்தில் மனைவியின் நூலகப் புத்தகங்கள். பெரிய சாலைக்கு வந்தவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் இறங்கிவிட்டார். லொரைன் ஹெப்வொர்த் தன் வட்டப் பலகையை உயர்த்தி, மணல் லாரி ஒன்றை நடுச்சாலையில் நிறுத்தினாள். பள்ளிப் பிள்ளைகளைப் பத்திரமாகச் சாலை கடக்க வைப்பது அவளுடைய காலை வேலை.

"அங்கயே நில்லு, கண்ணு," என்றாள் லாரிக்காரனிடம். பிறகு நார்மன் பக்கம் திரும்பி, "எனக்கு ஏதாவது தபால் இருக்கா?"

நார்மன் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இன்னைக்கு இல்லம்மா. நாளைக்குப் பாப்போம்."

நாற்பது ஆண்டுகள் இந்த ஊரின் தபால்காரராக இருந்தவர். ஞாபகம் போன பிறகும் கால்கள் மட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன. கடைசிப் பிள்ளையும் பள்ளிக்குள் போனதும் லொரைன் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாள். நீண்ட பயணம் முடிந்து அந்த வாரம்தான் நார்மனின் தெருவிலேயே இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பியிருந்த நான், ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவள், அவர்களோடு சேர்ந்துகொண்டேன். வழியில் திறந்து கிடந்த கேட் ஒவ்வொன்றையும் நார்மன் நின்று சாத்திவிட்டுத்தான் நகர்ந்தார். லொரைன் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கேட் அவள் கண்ணில் படாமல் போகாது. பிற்பகல்களில் அவள் தோட்டத்துக் கேட் மாட்டுகிறவள். எங்கள் தெருக்களில் வேலிக்கம்பங்கள் எல்லாம் கான்கிரீட். அவசரக்காரர்கள் அதில் துளைபோட்டுக் கீல் அடிப்பார்கள். இரண்டு குளிர்காலம் போனால் கம்பம் வாய் பிளந்து நிற்கும். லொரைன் துளையிடும் கருவியைக் கம்பத்தருகே கொண்டுபோக விடமாட்டாள். முதலில் விரல் முட்டியால் கம்பத்தைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பாள். பிறகு நீளமான மரச்சட்டம் ஒன்றை அதன் முகத்தோடு நிறுத்தி, இரும்புப் பட்டைகளால் இரண்டையும் சேர்த்துக் கட்டி போல்ட்டை முறுக்குவாள். கீல் மரத்தில்தான் ஏறும். "உன்னை யாரும் குத்த மாட்டாங்க, கண்ணு," என்று கம்பத்திடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அவளுக்கு லாரிக்காரன், நாய், பாதிரியார், கம்பம் எல்லாமே கண்ணுதான்.

வேலை முடிந்ததா என்று பார்க்க அவளுக்கு ஒரே சோதனை. ஒரு விரலால் தொடுவாள். கேட் தானாகப் போய், தாழ் சத்தமில்லாமல் கொக்கியில் விழவேண்டும். விழாவிட்டால், மழை கொட்டினாலும் எல்லாவற்றையும் கழற்றுவாள். அதுவரை யார் கொடுத்தாலும் டீயைத் தொடமாட்டாள். "இதுவே போதும்மா," என்று பாதிரியார் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அதை உங்க ஞாயித்துக்கிழமைப் பேச்சுக்கு வச்சுக்குங்க, கண்ணு. கேட்டுக்கு ஆகாது," என்றாளாம்.

நார்மன் வீட்டில் கேட்டே இல்லை. பழையது எப்போதோ இற்று விழுந்துவிட்டது. அவர் மனைவி ஐரீன் அன்று அவரைத் தேடிக்கொண்டு வாசலில் நின்றாள். வேறு ஊரிலிருக்கும் மகன் ஆளுயரக் கேட் ஒன்றும் பெரிய பூட்டும் அனுப்பியிருந்தான். லொரைன் பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஊர்க் கேட்டையெல்லாம் திறந்த மனுஷன். அவரையா பூட்டி வைக்கப் போறீங்க?"

"அப்ப லாரியில அடிபட்டுச் சாகட்டும்னு சொல்றியா?" என்றாள் ஐரீன். "நான் நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா உனக்கு?"

லொரைன் வாசற்படியில் உட்கார்ந்தாள். "ஒரு டீ கொடுங்க," என்றாள். கேட் மாட்டுவதற்கு முன்னால் அவள் டீ கேட்டது அன்றுதான்.

பாதி குடித்துவிட்டுக் கேட்டாள். "இவரு என்னைக்காவது ஒரு கேட்டைச் சாத்தாம விட்டுட்டு வந்திருக்காரா?"

"இவரா? கல்யாணத்தன்னிக்கு என்னைக் காருல உக்கார வச்சிட்டு, திரும்பிப் போய் சர்ச்சு கேட்டைச் சாத்திட்டு வந்த ஆளு."

மறுநாள் பிற்பகல் இடுப்பளவு கேட் ஒன்றைக் கொண்டுவந்தாள். இரண்டு கம்பங்களுக்கும் பட்டை கட்டினாள், கீல் ஏற்றினாள், எல்லாம் வழக்கம்போல. ஆனால் தாழ் விழவேண்டிய கொக்கியை மட்டும் ஒரு விரற்கடை மேலே வைத்து முறுக்கினாள். அப்போது அவள் முகம் கெட்டுப்போன பாலைக் குடித்தவள் முகம்போல் இருந்தது. கேட் எளிதாகத் திறந்தது. சாத்தத்தான் முடியவில்லை. கேட்டைத் தூக்கிப்பிடித்துச் சாத்தினால்தான் தாழ் விழும். அந்த வித்தையை ஐரீனுக்கு மட்டும் பழக்கினாள்.

எதிர்வீட்டு டெரெக் வேலிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தான். "என்ன லொரைன், கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா? சாத்தவே மாட்டேங்குதே!"

"வயசாகுதில்ல, கண்ணு."

இரண்டே நாளில் மீன் வறுவல் கடைவரை பேச்சு போய்விட்டது. லொரைனுக்குக் கை தளர்ந்துவிட்டதாம். இனி வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதானாம். "உண்மையைச் சொல்லிடேன்," என்றேன்.

"சொன்னா தெருவே ஜன்னல்ல நின்னு அவரை வேடிக்கை பாக்கும். என்னைப் பாத்துச் சிரிக்கட்டும், பரவால்ல."

அடுத்த வாரம், விடிந்தும் விடியாத நேரத்தில் என் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். நார்மன் புத்தகங்களோடு வந்தார். தாழைத் தூக்கினார், வெளியே போனார், திரும்பி நின்று கேட்டை இழுத்துச் சாத்தினார். டக். தாழ் கொக்கியில் இடித்துத் திரும்பி வந்தது. மறுபடி டக். புத்தகங்களை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். டக். சாலை அவருக்குப் பின்னால் காலியாகக் கிடந்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போக அவரால் முடியவில்லை. படுக்கையறை விளக்கு எரிந்தது. ஐரீன் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"வேலை முடிஞ்சுதா?"

"இந்த வீட்டுக் கேட்டு சரியில்ல. சொல்லிச் சரி பண்ணச் சொல்லணும்."

"சொல்றேன். உள்ள வாங்க, டீ ஆறுது."

அதற்குப் பிறகு அவர் பெரிய சாலைவரை போனதே இல்லை. அன்று காலையே போய் லொரைனிடம் நடந்ததைச் சொன்னேன். பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டாள். "சத்தம் ஐரீனுக்குக் கேட்டுதில்ல?" என்று மட்டும் விசாரித்துவிட்டு, அடுத்த பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிப்போனாள்.

இலை உதிரத் தொடங்கியதும் நான் மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வெகுநாள் கழித்து, ஒரு துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தபோது ஐரீனிடமிருந்து செய்தி வந்தது.

"நார்மன் போன வாரம் தூக்கத்துலயே போயிட்டார். கஷ்டப்படல. நேத்து லொரைன் வந்து கொக்கியை இறக்கி வச்சா. ஒரு விரலால தொட்டா, சத்தமே இல்லாம சாத்திக்கிச்சு. எதிர்வீட்டு டெரெக் கை தட்டினான். அந்த டக் சத்தம் கேக்காம நான் கேட்டையே பாத்துட்டு நின்னேன். அவ என் முகத்தைப் பாத்தா. அப்புறம் ஸ்பானரை எடுத்து, பழையபடி ஒரு விரற்கடை மேல ஏத்தி வச்சிட்டுப் போயிட்டா."