வாய் கட்டிய கரகமும் அடைத்த மூக்கும்

தகரக் கொட்டிலில் இருந்த அம்மனுக்குச் சீமெந்துக் கோயில் கட்டினவன் நான். மலையில் பீலியாக விழுந்த ஊற்றுத் தண்ணியைக் குழாய் போட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலுக்குக் கொண்டுவந்தவன் நான். ஆற்றிலிருந்து கோயிலுக்கு ஏறும் படிகள் நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் கல்லைத் தேடி உருட்டி வந்தவனும் நான்தான். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்தவன். தோட்டத்துத் துரை கேட்டால் சிங்களத்தில், சாமி கேட்டால் தமிழில் பதில் சொல்லி இத்தனையும் செய்தேன். மூக்கால் ஒரு முழு மூச்சு விடாமல் செய்தேன் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது.

றப்பர் சீட்டுகளுக்குப் புகை போடும் அறையில் எனக்கு வேலை. தோட்டம் கம்பெனிக்குக் கைமாறிய வருசத்திலேயே ஒரு பக்க மூக்கு அடைத்துவிட்டது. மறுபக்கம் ஒன்றிரண்டு வருசம் தாக்குப்பிடித்தது. பிறகு எல்லாம் வாய்வழிதான். காலையில் நாக்கு காய்ந்த தோல் மாதிரிக் கிடக்கும். சோற்றை மெல்லுவதா, மூச்சு விடுவதா என்று வாய்க்குள்ளேயே சண்டை. அதனால் கலியாண வீடுகளில் கடைசிப் பந்தியில், ஆள் குறைந்த பிறகுதான் உட்காருவேன். டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரை, கொத்தமல்லித் தண்ணி, ஆவி, தைலம் எதற்கும் அது அசையவில்லை.

இதை நான் வெளியே சொல்லவில்லை. காரணம் கரகம்.

எங்கள் கோயில் திருவிழாவின் கடைசி நாள், ஆற்றில் குடத்துக்குத் தண்ணி நிரப்பி, வேப்பிலை கட்டி, கரகம் பாலித்துத் தலையில் தூக்கி வரவேண்டும். தூக்குகிறவருடைய வாய்க்காற்று அம்மனுக்கு முன்னால் போகக் கூடாது என்று மஞ்சள் துணியால் வாயைக் கட்டுவார்கள். கோயில் போய்ச் சேருமுன் அது அவிழ்ந்தால் விரதம் முறிந்தது என்று கணக்கு. கோயில் கட்டினவன், கோயில் தலைவர் என்பதால் முதல் கரகம் எனக்கு. மூக்கு செத்தவன் என்று தெரிந்தால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். மெல்லிய மல்லுத் துணியை மஞ்சளில் நனைத்து, கீழே ஒரு விரல் அகலம் தொங்கலாக விட்டுத் தருவாள். ஐந்து வருசம் அப்படியே ஏறினேன்.

ஆறாவது வருசம் எஹலியகொட பக்கமிருந்து புதுப் பூசாரி வந்தார். நல்ல மனுசன், ஆனால் எதிலும் சுத்தம் பார்ப்பவர். அவள் கொடுத்த துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க தலைவரே, அம்மனுக்குப் போய்க் கஞ்சத்தனமா? நாலா மடிச்சுக் கட்டுவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். தப்பு மேளம் முழங்கிக்கொண்டிருந்தது, சனம் பார்த்துக்கொண்டிருந்தது. தலையை ஆட்டிவிட்டேன். தன் கையாலேயே இறுக்கிக் கட்டினார்.

முப்பது படி சமாளித்தேன். நாற்பதில் நெஞ்சு அடைத்தது. அதற்கு மேல் கால் நடுங்கி, உடம்பு குலுங்கத் தொடங்கியது. சனத்துக்கு அது அருளாகத் தெரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். தப்பு அடிக்கிறவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். பூசாரி வேப்பிலையால் என் முகத்தில் அடித்து, "வா தாயே, வாக்குச் சொல்லு" என்றார். நான் செத்துக்கொண்டிருந்தேன், அவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என் மனைவி வந்தாள்.

"அருள் இல்லங்க அது. மனுசனுக்கு மூச்சு முட்டுது."

கரகம் தூக்கினவனைப் பெண் தொடக் கூடாது. அவள் தொட்டாள், துணியைப் பிடித்து இழுத்தாள். நான் படியில் உட்கார்ந்து வாயால் காற்றைக் குடித்தேன். கரகம் தலையில்தான் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணி சிந்தவில்லை. பூசாரி அதை வாங்கி வேறு ஆள் தலையில் வைத்தார். யாரும் என்னை ஏசவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்த வருச மழைக்கு லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து இரண்டு வீட்டுச் சுவர் போனது. சபரகமுவ மலையில் மண் சரியாத மழை எது? ஆனாலும் எங்கள் தோட்டத்தில் அதற்கு நான்தான் காரணம். 'வாய்க்கட்டு அவிழ்ந்த வருசம்' என்று பேர் வைத்தார்கள். அதற்குப் பிறகு என் மனைவி கோயில் வாசல் வரை போவாள், உள்ளே போகமாட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

பிறகுதான் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். "கட்டின் ஹுஸ்ம கன்னவா நேத?" என்று டொக்டர் கேட்டார். வாயால்தானே மூச்சு விடுகிறாய் என்று ஒருவர் நேராகக் கேட்டது அன்றைக்குத்தான். உள்ளே வளர்ந்த சதையை வெட்டினார்கள். சில மாதம் அவள் தாளிக்கிற கறிவேப்பிலை மணந்தது. திரும்பவும் அதே புகையறை, திரும்பவும் அடைப்பு. இதை எழுதும்போதும் வாய் திறந்துதான் இருக்கிறது.

கோபுரம் முடிந்த பிறகு, கோயிலுக்கு உழைத்தவர்கள் பேரை வெட்டிக் கோயில் கமிட்டி ஒரு கல் பதித்தது. அதில் பதினோரு பேர். சுண்ணாம்பு அடித்தவன் பேர்கூட இருக்கிறது, என் பேர் இல்லை. கேட்டால், விரதம் முறிந்தவர் பேரைப் போட்டால் குற்றமாம்.

நான் விரதத்தை முறிக்கவில்லை, மூச்சு விட்டேன். கல்லில் கீழே இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்தேன். கமிட்டிக்காரங்களே, கோயிலும் படியும் கட்டினவன், கரகத்தைக் கீழே வைக்காதவன் என்று என் பேரையும் கல்லில் வெட்டுங்க. பக்கத்தில் துணியை அவிழ்த்தவள் பேரையும் வெட்டச் சொன்னால், அவள் வேண்டாம் என்கிறாள். அது அவள் இஷ்டம். என் பேர் வரணும்.