வட்டையில் தண்ணீர் இறைத்த ஸ்போர்ட்ஸ் கார்

வாகன மதிப்பீட்டு வேலையில் முப்பது வருடம் இருந்தேன். பொனட்டைத் திறந்ததும் வாய்விட்டுச் சிரித்தது ஒரே ஒரு தடவைதான். யுத்தம் முடிந்த மறு வருடம், கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள கல்லடியில்.

தம்பிராசா அண்ணன் ஓய்வுபெற்ற லொறிச் சாரதி. இளம் வயதில், நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்கார என்ஜினியரிடமிருந்து இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். கொழும்பில் பழைய கார் சேர்க்கும் ஒருவர் அதைக் கேட்டார். காரோடு வந்த எஞ்சின்தான் என்றால் நல்ல விலை, இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லி என்னை அனுப்பினார்.

அண்ணனுக்கு விற்பனை நடந்தே ஆக வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்வார்கள். இளைய மகளுக்கென்று வைத்திருந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. புது வீடு கூரையில்லாமல் நின்றது. கல்யாணமும் அதோடு நின்றது.

காரின் பதிவுப் புத்தகமும் அந்த வீட்டு அலுமாரியோடு போயிருந்தது. எஞ்சினில் நம்பராவது இருக்கும்தானே என்று பொனட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு ஜப்பான் வான் வண்டியின் எஞ்சின், மாப்பிள்ளை மாதிரிப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"போன கிழமைதான் தேடிப் பிடிச்சுப் போட்டன், சேர். பழசக் காட்டினா விலை குறையும்தானே," என்றார் பெருமையாக.

லொறிக்கு அது சரி. நான் சிரித்து முடித்து, "இனி இது இரும்பு விலைக்குத்தான் போகும், அண்ணன்," என்றேன். அவர் முகம் செத்துப்போனது. அன்று சிரித்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"அப்ப பழைய எஞ்சின் எங்க?"

"அது வட்டையில தண்ணி இறைக்குது, சேர்."

யுத்த காலத்தில் பெற்றோலுக்குத் தடை. காரை ஓட்ட வழியில்லை. வாவிக்கு அக்கரை வட்டையில் வயல் செய்த அண்ணனின் மச்சான் கந்தசாமி எஞ்சினைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பம்பில் பூட்டிவிட்டார். ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டுவது அக்காலத்து வித்தை. அதனால் கடல் வந்த அன்று மண்ணில் புதைந்தது காரின் உடம்பு மட்டும்தான்.

எஞ்சினுக்கும் சாரதிக்கும் நடுவிலுள்ள தகரத்தில் கொம்பனி பதித்த பித்தளைத் தகடு இருந்தது. அந்த வயதுக் கார்களில் எஞ்சின் நம்பரும் அதில் இருக்கும். பச்சை பிடித்திருந்ததைத் தேய்த்து, நம்பரைக் குறித்துக்கொண்டேன். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் பாதைப் படகில் வாவியைக் கடந்தோம்.

வயலோரத்துத் தென்னங்கிடுகுக் கொட்டிலுக்குள் எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. கந்தசாமி நிறுத்தினார். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் விரல் தடிப்புக்குச் சந்தனமும் குங்குமமும், வருடா வருடம் வாணி விழா ஆயுத பூசைக்கு அவர் அப்பியவை. நான் கத்தியை எடுத்தேன்.

"கத்தி வைக்க ஏலா, சேர். பூசையில வெச்ச பொட்டு. கையைக் கழுவிட்டு வாறன், நானே துடைக்கிறன்."

தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தார். அடியில் துருவே இல்லை. கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். பித்தளைத் தகட்டிலிருந்த அதே நம்பர். தம்பிராசா அண்ணன் வரப்பில் குந்தி அழுதார்.

அழுது முடிய முதல் கந்தசாமி குறுக்கே வந்தார். "மச்சான், கதிர் வாற நேரம். எஞ்சினத் தர ஏலா."

"ஜப்பான் எஞ்சின் தாறன். அதப் பூட்டு."

"அது மண்ணெண்ணெயில ஓடுமா?"

"இப்ப பெற்றோல் கிடைக்குதுதானே, மச்சான்."

கந்தசாமி மூலையிலிருந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாயைத் திரும்பிப் பார்த்தார். "ஓம். நான் மறந்து போனன்," என்றார்.

இளம் மதிப்பீட்டாளர்களுக்கு நான் சொல்வது இதுதான்: புத்தகம் இல்லாவிட்டால் உடனே இரும்பு விலை எழுதப் பேனையை எடுக்காதீர்கள். முதல் எஞ்சின் இப்போது எங்கே, என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள்.

அடுத்த வைகாசியில் புது வீட்டில் கல்யாணம். பழைய எஞ்சினோடு நல்ல விலைக்கு வாங்கிய சிவப்புக் காரைக் கொழும்புக்காரர் ஒரு நாள் இரவல் தந்தார். அண்ணன் ஓட்ட, மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார். இடமில்லாததால் தோழன் சைக்கிளில் பின்னால் வந்தான். காரைத் திருப்பி அனுப்ப முதல் கந்தசாமி பொனட்டைத் திறந்து, நம்பரின் மேல் புதிதாகச் சந்தனம் அப்பினார். நான் பார்க்காதது போல நின்றேன்.